டூயல் பூட்டா? இங்கன வந்து உக்காருலே

ஏலே பேராண்டி, டூயல் பூட் போடப் போறியாம்லா? ஒரே கம்ப்யூட்டர்ல விண்டோஸும் இருக்கணும், லினக்ஸும் இருக்கணும். பேஷ். எதுக்குன்னு மட்டும் சொல்லு. சொல்ல மாட்டியே. கூட்டாளி போட்டுட்டான், நமக்கும் வேணும். அம்புட்டுத்தான?

நேத்து எறங்குன வித்தைன்னு நெனைச்சியோ? 2011-ல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவச லாப்டாப் குடுத்துதுல்லா, அதுலயே விண்டோஸ் 7 ஒண்ணு, நம்ம சி-டாக் ஆக்குன பாஸ் லினக்ஸ் ஒண்ணுன்னு ரெண்டும் இருந்துது. எத்தனை பேரு அந்த லினக்ஸைத் தொறந்து பாத்தாவ? உங்க அக்காகிட்டக் கேளு, சிரிப்பா.

சரி, இப்பம் ஒரு ஞாயம் இருக்கு, ஒத்துக்கிடுதேன். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சி போச்சு. பழைய மெஷின்ல பதினொண்ணு ஏற மாட்டேங்கு. லினக்ஸ் ஏத்துனா இன்னும் நாலு வருசம் ஓடும். அது புத்தி. ஆனா நீ துட்டைக் கொட்டி வாங்கியாந்த சாமானைப் பாத்தாத்தான் எனக்கு வயிறு கலங்குது.

செகண்டுக்கு 7000 எம்பி ஓடுற என்விஎம்இ ஒண்ணு. 550 எம்பி ஓடுற சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு. அது போக பழைய ஒரு டிபி ஹார்ட் டிஸ்க். நிமிசத்துக்கு 7200 சுத்து சுத்தியும் 150 எம்பி குடுத்தாப் பெருசு. ஏழாயிரத்தை வச்சி என்னலே செய்யப் போற? அதே வடிவேலு காமெடி, அதே கல்யாண வீடியோ. எந்த டிஸ்க்ல இருந்து பாத்தாலும் அதே சிரிப்புதான வரும்?

அடுக்களையில அஞ்சறைப்பெட்டி கையெட்டுற தூரத்துல இருக்கும், நெல்லுக் குதிரு உள்வீட்டுல கிடக்கும். மாத்தி வச்சா உங்க ஆச்சி சும்மா விடுவாளா? விண்டோஸ் என்விஎம்இ-ல, லினக்ஸ் சாட்டா எஸ்எஸ்டி-ல, படமும் பாட்டும் ஹார்ட் டிஸ்க்ல. உபுண்டுக்கு 25 ஜிபி இருந்தாலே ஏறிக்கிடும், ஐம்பது விட்டா தாராளம். ஹார்ட் டிஸ்கை என்டிஎஃப்எஸ்-ல வையி, ரெண்டு பேரும் வாசிப்பாவ. லினக்ஸோட ஈஎக்ஸ்டி4 விண்டோஸுக்குப் புரியாது. புரியலன்னா சும்மா இருக்குமா? "ஃபார்மட் பண்ணட்டா?"ன்னு மரியாதையாக் கேக்கும். நீயும் மரியாதையா ஆமான்னு அமுக்குவ. அம்புட்டும் போச்சு.

ஒரு சங்கதி கேட்டுக்கோ. லினக்ஸ் ஏத்தும்போது விண்டோஸ் இருக்க டிஸ்கைக் கழட்டி வச்சிரு. திருப்புளி இருக்குல்லா? எதுக்குங்கியா? நீ ரெண்டாவது டிஸ்கைக் காட்டுனாலும், பூட் லோடரை மொத டிஸ்க்ல இருக்க ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்லயே கொண்டு போயி வைக்கிற பழக்கம் உபுண்டு இன்ஸ்டாலருக்கு உண்டு. பொறவு ஒருநாள் மொத டிஸ்கைக் கழட்டுவ. லினக்ஸ் எந்திரிக்காது. கழட்டி வச்சி ஏத்துனா அது அது சோலிய அது அது பாக்கும். எது வேணுமோ, ஆன் பண்ணும்போது எஃப்12 அமுக்கி எடுத்துக்க. கம்பெனிக்குக் கம்பெனி சாவி மாறும், பாத்துக்க. லாப்டாப்ல கழட்ட முடியலன்னா, பூட் லோடர் எங்கன போவுதுன்னு ரெண்டு தடவை வாசிச்சிட்டு அமுக்கு. வாசிக்கியதுக்குக் காசா கேக்கான்?

இன்ஸ்டாலருக்கு டிஸ்கே தெரியலன்னு ஓடி வருவ. டிஸ்கு செத்துப்போச்சுன்னு புதுசு வாங்கக் கெளம்பாத. பயாஸ்ல ரெய்டுன்னு இருக்கும், ஏஹெச்சிஐ-ன்னு மாத்தணும். அதையும் எடுத்தோம் கவுத்தோம்னு மாத்துனா விண்டோஸ் எந்திரிக்காது. மொதல்ல சேஃப் மோடுல எழுப்பி மாத்தணும். பைய செய்யி.

விண்டோஸ்ல ஷட் டவுன் குடுத்தா அது முழுசா ஒறங்குதுன்னு நெனைச்சியா? ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புன்னு ஒரு கள்ளத் தூக்கம் உண்டு. பாதி நெனப்போட கண்ணை மூடிக் கிடக்கும். அந்த நேரம் லினக்ஸ் போயி என்டிஎஃப்எஸ்-ல எழுதப் பாத்தா ஒத்துக்கிடாது. அதை நிறுத்திப் போடு.

கடிகாரமும் கிறுக்கு பிடிக்கும். ஒருத்தன் உள்ளூர் நேரம் எழுதுவான், இன்னொருத்தன் உலக நேரம் எழுதுவான். லினக்ஸ்ல இருந்துட்டு விண்டோஸுக்கு வந்தா, காலையில பத்து மணிக்கு நாலரைன்னு காட்டும். அந்த அஞ்சரை மணி நேரம் நம்ம ஊரு கணக்கு. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாத்த ஒரே வரி போதும். அதுக்குப் போயி மதர்போர்டு பேட்டரிய மாத்துத ஆளும் இருக்காவ!

பூட் மெனுவுக்குப் பின்னால எந்தப் படம் வைக்கன்னு மூணு ராத்திரி முழிச்சிக் கிடக்கியே, அந்த மெனு நிக்கது பத்து செகண்டு. சாவிய அமுக்குனா அதுவும் இல்ல.

பிட்லாக்கர் போட்டிருக்கான்னு பாத்தியா? பாத்திருக்க மாட்ட. பதினொண்ணு வந்த மெஷின்ல நீ கேக்காமலே போட்டிருக்கும். பயாஸ்ல செக்யூர் பூட்டைத் தொட்டா 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். உன் ஃபோன் நம்பரே உனக்கு மனப்பாடம் இல்ல. மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள்ள போயி அந்தக் கீய எடுத்துப் பேப்பர்ல எழுது. பேப்பர்லலே, அதே கம்ப்யூட்டர்ல இல்ல.

எழுதியாச்சா? ஆத்தாவோட போட்டோ, உன் சர்டிபிகேட்டு எல்லாத்தையும் வெளி டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து, அதைப் பிடுங்கி பீரோவுல வச்சிப் பூட்டிட்டு வா. அது வரைக்கும் திருப்புளி என்கிட்டயே இருக்கட்டும்.