சஸ்பென்ஷன் ஆர்டர்

பதினைந்து வயதைத் தாண்டிய பிஎம்டபிள்யூ ஃபைவ் சீரிஸோ பென்ஸ் ஈ-கிளாஸோ இன்று ஒரு புதுச் சின்னக் காரின் விலைக்கே கிடைத்துவிடுகிறது. வாங்கியவரைப் பார்த்து ஊர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: யானையைக் கட்டித் தீனி போட முடியுமா? என் கட்சி வேறு. யானை அவ்வளவொன்றும் தின்பதில்லை. கேட்காததையெல்லாம் நாம்தான் வாங்கிப் போடுகிறோம். இந்தக் கார்களில் பெரும்பாலும் கெடுவது ரப்பர், பிளாஸ்டிக், துருவேறிய எர்த் வயர் போன்ற கடைநிலை ஊழியர்கள். ஆனால் விசாரணையே இல்லாமல் சஸ்பெண்ட் ஆவது மானேஜர்.

நிஜ சஸ்பென்ஷனையே எடுத்துக்கொள்வோம். 2002-ல் வந்த ஈ-கிளாஸில், சில மாடல்களுக்கு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை. வயதானால் மடிப்பில் வெடிப்பு விடும். ராத்திரி நிமிர்ந்து நின்ற கார் காலையில் ஒரு மூலையில் மண்டியிட்டிருக்கும். கசிகிற காற்றை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓடி ஓடி ஒருநாள் உயிரை விடும். உடனே புதுக் கம்ப்ரசர் வருகிறது. ஓட்டைப் பை அப்படியே இருப்பதால் அதுவும் அதே வழியில் போய்ச் சேருகிறது. சோப்புத் தண்ணீரைத் தெளித்து எங்கே குமிழி வருகிறது என்று பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் அதை எந்த முகத்தோடு வெளியே சொல்வது? ‘ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரசர் போயிடுச்சு’ என்று கல்யாண வீட்டில் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ரப்பர் பை ஓட்டையானதைச் சொன்னால் பந்திக்குக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்கேனர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பாதிக் குழப்பம் அதனால்தான். கம்ப்யூட்டர் தனக்கு என்ன தோன்றியது என்று சொல்லுமே தவிர, என்ன நடந்தது என்று சொல்லாது. பி0171 என்று கோட் வந்தால், எரிபொருளுக்கு மிஞ்சிக் காற்று இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். எங்கோ ஒரு ரப்பர் குழாய் விரிசல் விட்டு கள்ளக் காற்று நுழைந்திருக்கலாம். ஃபியூயல் பம்ப் தளர்ந்திருக்கலாம். அதைக் கண்டு சொன்ன ஆக்சிஜன் சென்சாரையே கழற்றி எறிகிறோம். தூதனைக் கொல்லலாகாது என்று விபீஷணன் தடுத்ததும் ராவணன்கூட வாலோடு நிறுத்திக்கொண்டான்.

பேட்டரி கதை இன்னும் விசேஷம். 2007-ல் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பிஎம்டபிள்யூ தொடங்கிய ஆலையில் பூட்டப்பட்ட ஃபைவ் சீரிஸில் பேட்டரி டிக்கிக்குள் ஒளிந்திருக்கும். அது தளர்ந்தால், ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்டேஜ் விழுந்து, கியர், பிரேக், ஏர்பேக், ஸ்டியரிங் என்று எல்லா இலாகாவும் ஒரே நேரத்தில் புகார் மனு எழுதும். திரையைப் பார்ப்பவருக்குக் காரே செத்துவிட்டதாகத் தோன்றும். ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: ஓய்வில் 12.6 வோல்ட்டும், என்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டியும் காட்டாவிட்டால், மற்ற மனுக்களைப் படிக்கவே வேண்டாம். பேட்டரியை மாற்றினாலும், மாற்றிய சேதியை ஸ்கேனர் மூலம் காரிடம் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய கிழத்துக்குக் கொடுத்த பத்தியச் சாப்பாட்டையே புதியதற்கும் போட்டுக்கொண்டிருக்கும்.

நிஜமாகவே விலை உயர்ந்த உறுப்பு கெடுவதே இல்லையா என்று கேட்டால், கெடும். அதே ஈ-கிளாஸின் மின்னணு பிரேக் யூனிட், நாம் எத்தனை முறை பிரேக் மிதித்தோம் என்று சித்திரகுப்தன் மாதிரி எண்ணிவைத்து, கணக்கு முடிந்ததும் ‘என்னை மாற்று’ என்று சிவப்பு எழுத்தில் கேட்கும். 2004-ல் இந்த பிரேக் விவகாரத்துக்காக 6,80,000 கார்களை கம்பெனியே திரும்ப அழைத்தது; 2006-ல் ஈ-கிளாஸிலிருந்து அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டது. அங்கே சிக்கனம் பேசுபவன் உயிரோடு விளையாடுகிறான். ஆனால் இப்படிப்பட்ட மானேஜர்கள் குறைவு; வாங்குமுன்பே விசாரித்துத் தவிர்த்துவிடலாம்.

மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. மாற்றிய உறுப்புக்குப் பில் போட்டால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். யோசித்த நேரத்துக்குப் பில் போட்டால் சண்டைக்குப் போகிறோம். பிறகு அவர் எதற்கு யோசிக்கப் போகிறார்? ஐந்து மணி நேரம் தேடி ஒரு ஹோஸ் கிளிப்பை மட்டும் மாற்றினேன் என்று ஒருவர் வந்து நின்றால், அந்த ஐந்து மணி நேரத்துக்குக் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். பேரம் பேசாமல் இருக்கவே முடியாதென்றால், கிளிப் விலையில் பேசிக்கொள்ளலாம்.