சிறுசேரியில் ஒரு கட்டடம், கோச்சடையில் ஒரு கல்லாப்பெட்டி

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கிளவுட் பற்றியவை. கோச்சடை, மேலக்கால் ரோடு, காளவாசல் வட்டாரத்திலிருந்து வந்த சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

கே: "பில் எல்லாம் கிளவுடுல ஏத்தியாச்சு, இனிமே நோட்டு வேண்டாம்ப்பா" என்கிறான் மகன். வைகைக் கரையில் இருந்தும் மழை மேகத்தையே அபூர்வமாகத்தான் பார்க்கிறோம். இவன் எந்த மேகத்தில் ஏற்றினான்?
— மளிகைக் கடைக்காரர், கோச்சடை

ப: எல்லாம் தரையில்தான் இருக்கிறது, அண்ணாச்சி. ஜன்னல் இல்லாத பெரிய கட்டடம். உள்ளே அடுக்கடுக்காகக் கணினிகள், ராப்பகலாக ஓடும் குளிரூட்டி, கரண்ட் போன நொடியில் கைகொடுக்க பேட்டரிகள், அதற்குப் பின்னால் ஜெனரேட்டர்கள். டேட்டா சென்டர் என்று பெயர். சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி பக்கம் போனால் வெளியிலிருந்து பார்க்கலாம்; உள்ளே விடமாட்டார்கள். கடலடிக் கேபிள்கள் சென்னையில் கரையேறுவதால் இந்தத் தொழிலுக்கு அந்த ஊர் தோதாகிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் புனே, மும்பை, சென்னை என்று மூன்று இடங்களில் தொடங்கியது. அமேசான் 2016-ல் மும்பைக்கும் 2022-ல் ஹைதராபாத்துக்கும் வந்தது.

கணினியைச் சொந்தமாக வாங்காமல், அடுத்தவர் கணினியில் இடத்தையும் வேலையையும் வாடகைக்கு எடுப்பதுதான் கிளவுட். 2006-ல் அமேசான் இதை மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்த பிறகு உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. ஜிமெயில் வைத்திருந்தால் நீங்கள் ஏற்கெனவே அங்கே குடியிருக்கிறீர்கள்.

மகனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கம்பெனி? கணக்கு யார் பெயரில், எந்த போன் நம்பரில்? மொத்தக் கணக்கையும் எக்செல் ஃபைலாக இறக்க முடியுமா? மூன்றுக்கும் பதில் வந்தால் நோட்டைப் பரணில் போடலாம். தலையைச் சொறிந்தால் நோட்டு கல்லாவிலேயே இருக்கட்டும்.

கே: போனில் இடமில்லை என்று பேத்தியின் காதுகுத்துப் படங்களை அழித்தேன். கூகுள் ஃபோட்டோஸில் இருக்கிறதே என்ற தைரியம். அங்கேயும் காணோம். கிளவுட் என்னை ஏமாற்றிவிட்டதா?
— வாசகி, மேலக்கால் ரோடு

ப: முதலில் பதற்றத்தை விடுங்கள், அம்மா. அதே செயலியில் குப்பைத்தொட்டி இருக்கிறது. ஏற்கெனவே கிளவுடுக்குப் போய்ச் சேர்ந்த படங்களை அழித்தால் 60 நாள் அங்கே கிடக்கும். இப்போதே போய் மீட்டுவிடுங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

மீட்டாயிற்றா? இனி விஷயம். கூகுள் ஃபோட்டோஸ் உங்கள் போனையும் கிளவுடையும் ஒரே மாதிரி வைத்திருக்கப் பார்க்கும். இங்கே சேர்த்தால் அங்கே சேரும், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். சிங்க் என்பது இதைத்தான். பேக்கப் என்றால் நீங்கள் இங்கே என்ன செய்தாலும் அங்கே அசையாமல் இருக்கவேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்ததால்தான் பல வீடுகளில் கல்யாண ஆல்பமே போயிருக்கிறது. போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால், அந்தச் செயலியிலேயே சாதனத்தில் இடத்தைக் காலியாக்க ஒரு வசதி உண்டு. அது கிளவுட் பிரதியைத் தொடாது.

இலவசம் எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மெயில், டிரைவ், படங்கள் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. படங்களுக்குத் தனியாகக் கொடுத்துவந்த கணக்கில்லாத சலுகை 2021 ஜூன் 1-ல் நின்றுபோனது. காதுகுத்து மாதிரி திரும்ப நடக்காத விசேஷப் படங்களை ஆண்டுக்கு ஒருமுறை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, பீரோவில் வையுங்கள்.

கே: உதிரி பாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். சர்வர் பழசாகிவிட்டது. விற்பவர் "புது சர்வர் வாங்குங்க" என்கிறார், ஆடிட்டர் "கிளவுடுக்குப் போயிடுங்க" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— சிறுதொழில் செய்பவர், கோச்சடை

ப: இருவருமே உங்கள் பட்டறையைப் பார்க்காமல் சொல்கிறார்கள். நீங்கள் பாருங்கள்.

கிளவுடில் மூன்று தினுசு உண்டு. கல்யாண மண்டபம் பிடிப்பது போலத்தான். வெறும் மண்டபத்தை மட்டும் எடுத்து மற்றதை நாமே பார்க்கலாம்: வெறும் கணினியை வாடகைக்கு எடுத்து அதில் எல்லாவற்றையும் நாமே நிறுவுவது. பாத்திரம், அடுப்போடு எடுத்துச் சமையல்காரரை மட்டும் நாம் கூட்டிவரலாம்: மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஏற்றது. சாப்பாடு முதல் தாம்பூலப் பை வரை காண்ட்ராக்ட் விட்டுவிட்டுப் பெண்ணைப் பெற்றவர் நாற்காலியில் உட்காரலாம்: ஜிமெயில், சோஹோ புக்ஸ் போன்ற ஆயத்தச் செயலிகள். கம்ப்யூட்டருக்கென்று தனி ஆள் இல்லாத பட்டறைக்கு மூன்றாவதுதான் சரி.

இப்போது செலவு. சர்வர் விலையோடு யூபிஎஸ், பேட்டரி, ஏசி, பழுது பார்க்க வருபவர், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் ஓடாத கணக்கு என்று எல்லாவற்றையும் ஐந்து வருடத்துக்குக் கூட்டுங்கள். கிளவுட் வாடகையை அதே ஐந்து வருடத்துக்குப் பெருக்குங்கள். ஒரே ஆபீஸில் நாலு பேர் ஒரே மாதிரி வேலை செய்யும் இடத்தில் சர்வரே மலிவாக வருவதுண்டு. கிளவுட் ஜெயிப்பது வேலை ஏறி இறங்கும் இடத்தில். ஆன்லைனில் சுங்குடிச் சேலை விற்பவருக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரம் பத்து மடங்கு கூட்டம் வரும், மறுவாரம் வடிந்துவிடும். அவர் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் அதிகக் கணினி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் திருப்பிக் கொடுக்க மறந்தால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். தொகை இவ்வளவைத் தாண்டினால் எச்சரிக்கும்படி முதல் நாளே அமைத்துவிட வேண்டும்.

"என் டேட்டா என் கண்முன்னால் இருந்தால்தான் பாதுகாப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை, டேட்டாவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் முடக்கியது. நோயாளிச் சீட்டெல்லாம் பல நாள் கையால் எழுதினார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. நம் பட்டறை சர்வரில் கடைசியாக எப்போது பாதுகாப்பு அப்டேட் போட்டீர்கள்?

சட்டத்தையும் மறக்கவேண்டாம். ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், மின்னணுக் கணக்கின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் ஏறவேண்டும் என்று 2022-ல் விதி திருத்தப்பட்டது. ஒப்பந்தம் போடுமுன் எழுத்தில் கேளுங்கள்: டேட்டா எந்த ஊரில் இருக்கிறது, நான் விலகினால் எந்த வடிவத்தில் எத்தனை நாளில் கையில் கிடைக்கும். இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: அந்தக் கட்டடமே தீப்பிடித்தால்?
— மாணவி, காளவாசல்

ப: பிடித்திருக்கிறது. 2021 மார்ச் 10 அதிகாலை, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் கம்பெனியின் டேட்டா சென்டர் கட்டடம் எரிந்துபோனது. ஏராளமான இணையதளங்கள் முடங்கின. பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தும், அந்தப் பிரதி அதே இடத்தில் இருந்ததால் இரண்டையும் பறிகொடுத்தவர்கள் உண்டு.

இன்னும் பெரியது தென் கொரியாவில் நடந்தது. 2025 செப்டம்பர் 26-ல் டேஜான் நகரின் அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கான அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைப் போட்டுவைத்திருந்த ஜி-டிரைவ் அழிந்தது: 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்று வெளியே பிரதி எடுக்காமலே விட்டிருந்தார்கள். தொழில்நுட்பத்தில் முன்னால் நிற்கும் நாடு என்று நாம் பார்க்கும் நாட்டிலேயே இது நடந்ததை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெரிய கிளவுட் கம்பெனிகள் ஒரே நகர்ப் பகுதியில் தள்ளித் தள்ளிப் பல கட்டடங்கள் வைத்து, அவற்றுக்குள் பிரதி எடுக்க வழி செய்கின்றன. அந்த வழியை வாங்குவதும் விடுவதும் பெரும்பாலும் வாடிக்கையாளர் கையில். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 3-2-1 என்பார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். உன் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கும் இதுதான் கணக்கு, தங்கச்சி. லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, கிளவுடில் ஒன்று.

கே: ஆர்.சி. புத்தகத்தை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். போலீஸ்காரர் செல்லாது என்கிறார். டிஜிட்டல் இந்தியா என்கிறார்களே!
— ஆட்டோ ஓட்டுநர், கோச்சடை

ப: போலீஸ்காரர் சொன்னது சரி, அண்ணே. கேலரியில் இருப்பது வெறும் படம். 2015 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் வண்டி நம்பரைப் பதிந்து எடுத்தால், போக்குவரத்துத் துறையின் பதிவிலிருந்தே ஆவணம் வந்து இறங்கும். அசலுக்குச் சமமாக அதை ஏற்கவேண்டும் என்பது விதி. அங்கேயும் கவனம்: துறை வழங்கிய பகுதியில் இருப்பதுதான் செல்லும். நீங்களே படம் பிடித்து ஏற்றியது அதிலும் வெறும் படம்தான். ஓய்வாக ஸ்டாண்டில் நிற்கும்போது எடுத்து வையுங்கள், செக்கிங்கில் நிறுத்தியபின் சிக்னல் தேடாதீர்கள்.

கே: வெளிநாட்டுக் கம்பெனி திடீரென்று கதவைச் சாத்திவிட்டால்?
— ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், காளவாசல்

ப: நியாயமான பயம், ஐயா. 2025 ஜூலையில் குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் சேவை நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளாதாரத் தடைதான் பின்னணி. பணம் கட்டிய மெயிலையே திறக்க முடியவில்லை. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, சில நாளில் சேவை திரும்பியது. சில நாள் மெயில் இல்லாமல் ஒரு ஆலையை நடத்திப் பார்த்தால் தெரியும். அதே ஆண்டில் மத்திய அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் மெயில் சோஹோ தளத்துக்கு மாறியதாகச் செய்தி வந்தபோது பலருக்கும் நிம்மதி.

எனக்கும்தான். என்றாலும் நம்மூர்க் கம்பெனி என்பதால் மட்டும் பிரதி எடுக்காமல் இருக்கக்கூடாது. கூகுளில் டேக்அவுட் என்ற வசதி மொத்தத்தையும் இறக்கித் தரும். எந்தக் கம்பெனியானாலும் அதுபோன்ற வாசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

கே: கிளவுட் வேலைக்கு பெங்களூருதான் போகவேண்டுமா, சார்?
— பொறியியல் மாணவர், கோச்சடை

ப: தென்காசி பக்கம் மத்தளம்பாறைக்கு ஒரு நடை போய்வா, தம்பி. 1996-ல் ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் தொடங்கிய கம்பெனிதான் இன்றைய சோஹோ. 2011 முதல் அந்தக் கிராமத்தில் ஆபீஸ் நடத்துகிறது. திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி 2021-ல் நாஸ்டாக்கில் ஏறியது. இரண்டும் விற்பது கிளவுட் மென்பொருள்தான். சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டுமுன் லினக்ஸ், நெட்வொர்க்கிங் இரண்டையும் உருப்படியாகப் படி.

கே: வீட்டுக்காரர் தவறிவிட்டார். படங்கள், எல்.ஐ.சி. விவரம் எல்லாம் அவருடைய கூகுள் கணக்கில் இருக்கின்றன. பாஸ்வேர்டு தெரியாது. அவருடைய போன் மட்டும் இருக்கிறது.
— வாசகி, கோச்சடை

ப: அந்தப் போனை யாரிடமும் கொடுத்து "ரீசெட்" செய்துவிடாதீர்கள், அம்மா. திறக்க முடிந்தால் கணக்கும் திறந்தே இருக்கும். வேண்டியதையெல்லாம் முதலில் உங்கள் கணக்குக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கும் மாற்றச் சொல்லுங்கள். அவருடைய சிம்முக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இருங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். விட்டுவிட்டால் எண் பிறகு வேறொருவருக்குப் போய்விடும். இரண்டு ஆண்டு யாரும் தொடாத கணக்கை கூகுள் அழிக்கலாம், அதனால் தள்ளிப்போடவேண்டாம். போன் திறக்கவில்லை என்றால், இறந்தவர் கணக்குக்கென்று கூகுளில் விண்ணப்பம் உண்டு. இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பாஸ்வேர்டு தரமாட்டார்கள், உள்ளிருப்பதைச் சில சமயம் தருவார்கள்.

எல்.ஐ.சி.க்கு இதெல்லாம் தேவையே இல்லை. அவர் பெயர், பிறந்த தேதி, இறப்புச் சான்றிதழோடு கிளை அலுவலகத்தில் கேளுங்கள், பாலிசியைத் தேடித் தருவார்கள். அலைய ஆளில்லை என்றால் மீண்டும் எழுதுங்கள், விண்ணப்பம் நிரப்ப உதவுகிறேன்.