எஃப்ளூயன்ட் என்னும் நல்ல சொல்

சாயப்பட்டறைக் கழிவுநீருக்குப் பெயரான எஃப்ளூயன்ட்டே, உன்னைப் போலப் பெயர் கெடாமல் பிழைத்த சொல் திருப்பூரில் வேறில்லை. நொய்யல் ஆறு கெட்டது, கிணறு கெட்டது, ஆற்றோரக் காடு தோட்டமெல்லாம் கெட்டது. உனக்கு மட்டும் ஒரு கறையும் இல்லை.

உன் பிறப்பே உயர்ந்தது. லத்தீனில் ஃப்ளூயெரெ என்றால் ஓடுதல், பாய்தல். 'வெளியே' என்று பொருள்படும் எக்ஸ் அதன் முன்னால் வந்து சேர்ந்தது. அடுத்து நின்ற ஒலிக்கு வளைந்து கொடுத்து எஃப் ஆயிற்று. உன் ஆங்கில எழுத்தில் இரண்டு எஃப் வருவது அதனால்தான். வெளியே பாய்வது, அவ்வளவே உன் பொருள். ஏரியிலிருந்து புறப்படும் ஓடைக்குக்கூட உன்னைச் சொல்லலாம். உப்பு, சோடா, சாயம் எதுவும் உன் உருவத்தில் தெரியாது. அத்தனையையும் சுமந்துகொண்டு ஒன்றையும் காட்டாமல் நடக்கத் தெரிந்த சொல் நீ.

உன் அண்ணன் அஃப்ளூயன்ட்டும் அதே வேரில் பிறந்தவன். 'நோக்கி' என்னும் ஆட் அவனுக்கு முன்னால் நின்று அஃப் ஆனது. பெருகி வருவது, அதனால் செல்வம் கொழிப்பது என்று பொருள். இருவருக்கும் முதலெழுத்து ஒன்றுதான் வித்தியாசம். இந்த ஊரை நீங்கள் பங்கு பிரித்துக்கொண்ட நேர்த்தியைப் புகழாமல் இருக்க முடியாது. அண்ணன் பனியன் ஏற்றுமதிப் பணமாக ஊருக்குள் வந்தான். நீ ஆற்றோடு கிழக்கே ஒரத்துப்பாளையம் அணைக்குப் போனாய். பாகம் வாங்கியவர்கள் மேலே இருந்தார்கள்; பாரம் வாங்கியவர்கள் கீழே இருந்தார்கள்.

வேலையிலும் நீ குறை வைத்ததில்லை. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும், ஏறியது நிற்க சோடா வேண்டும். சாயத்தில் பெரும்பங்கு துணியோடு நின்றுவிடும். உப்பு நிற்காது, அலசுகிற தண்ணீரோடு இறங்கிவிடும். நிறத்தை எடுத்துவிட்டால் தண்ணீர் தெளிந்துவிட்டதாகக் கண்ணுக்குத் தோன்றும், கரைந்த உப்போ அப்படியே இருக்கும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வந்த ஆற்றில் அதைக் கலந்தாய். 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டிய அந்த அணையில் தேக்கினாய். அணை வேண்டுமென்று காத்திருந்த விவசாயிகளையே, "இந்த அணையில் தண்ணி தேக்காதீங்க" என்று கெஞ்ச வைத்தாய். அந்தப் பக்கத்தில் பாய்ச்சிய வயல் காய்ந்தால் மண்மேல் வெள்ளையாகப் பூக்கும். கிள்ளி நாக்கில் வைத்தால் கரிக்கும். அவ்வளவு தூரம் நடந்தும் உன் பொருளில் ஒரு துளிகூடச் சிந்தாமல் கொண்டு சேர்த்திருக்கிறாய்.

சட்டமும் உன்னிடம் தாராளமாகவே நடந்துகொண்டது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, தொழிற்கூடத்திலிருந்து வெளியேறுவது திரவமானாலும் வாயுவானாலும் திடப்பொருளானாலும் நீதான். பாய்வதற்குப் பெயராகப் பிறந்து பாயாததற்கும் பெயரானாய். சுத்திகரித்து, காய்ச்சி, கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கிக் கிடக்கிறதே, அதற்கும் உன்னிடம் இடமுண்டு.

உன் பெருமைக்குத் தலைவணங்காதவர்கள் நொய்யல் ஆயக்கட்டுக்காரர்கள். சங்கமாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றமும் 2009-ல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கத்து நியாயத்தை ஏற்றன. அதற்குப் பிறகும் உன்னை அடக்க முடியவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட, 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தது. மீண்டும் திறக்க, ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்பது நிபந்தனை. உன் பெயருக்குரிய ஒரே வேலைக்கே தடை. ஆனாலும் நீ அசரவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் பலகையில், சி.இ.டி.பி. என்ற பெயரின் இரண்டாம் எழுத்தாக உட்கார்ந்துகொண்டாய். மழை பெய்து ஆறு நிறைகிற நாளில் சில பட்டறைகள் உன்னைத் திறந்துவிடுகின்றன என்ற புகார் அதற்குப் பிறகும் நின்றபாடில்லை.

ஆற்றோரத்தில் உன்னை யாரும் வாயில் எடுப்பதில்லை. அவர்களுக்கு அது சாயத்தண்ணி. அதைச் சொன்னதும் யார் பட்டறைச் சாயம், யார் விட்ட தண்ணி என்று கேட்கத் தோன்றும். உன்னைச் சொன்னால் அந்தக் கேள்வி வாய்க்கே வராது. அறிக்கை எழுதுகிறவர்கள் உன்னை இத்தனை காலமாக விடாமல் போற்றுவது இந்த ஒரு குணத்துக்காகத்தான்.