பேர் படிக்க ஒரு ஆள்

டேட்டாபேஸை வேறு சர்வருக்கு மாற்றுவதென்றால் முன்பெல்லாம் முதலில் நடக்கும் காரியம் நோட்டீஸ் ஒட்டுவது. ‘கணினிப் பணி காரணமாகச் சனி, ஞாயிறு வரவு செலவு கிடையாது’ என்று எல்லாக் கிளைகளிலும் ஒரு வாரம் முன்பே எழுதிப் போட்டுவிடுவார்கள். வாடிக்கையாளர்கள் படித்துவிட்டுத் திங்கட்கிழமை வருவார்கள். யாரும் சண்டைக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. இன்று கிளவுடுக்கு மாற்றும்போது நிர்வாகம் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை நிமிஷம் நிற்கும்?’ ஐந்து என்று சொன்னால், ‘அவ்வளவு நேரமா?’ என்கிறார்கள்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சீட்டும் நகைக்கடனும் நடத்திய ஒரு நிதி நிறுவனத்தில் நான் டேட்டாபேஸ் வேலை பார்த்தேன். டேட்டாபேஸ், ஆரக்கிள் 8i. பழைய சர்வர் அண்ணா சாலையில்; புதியது கிண்டியில். வெள்ளிக்கிழமை மாலை கடைசிக் கிளையும் கணக்கு முடித்த பிறகு, வேறு யாரும் உள்ளே வர முடியாதபடி டேட்டாபேஸைத் திறந்து எக்ஸ்போர்ட்டை ஓடவிடுவோம். ஒவ்வொரு டேபிளின் பேரும், அதிலிருந்து எத்தனை வரிசை எடுத்தது என்ற எண்ணும் கறுப்புத் திரையில் ஏறிக்கொண்டே போகும். எக்ஸ்போர்ட் எழுதித் தரும் டம்ப் ஃபைலை 12 ஜிபி கொள்ளும் டிடிஎஸ்-3 டேப்பில் எழுதி, ஆட்டோவில் மடியிலேயே வைத்து எடுத்துப்போவோம். அங்கே இம்போர்ட். வரிசைகள் ஏறும் வரை திரையில் ஏதாவது வந்துகொண்டிருக்கும். இண்டெக்ஸ் கட்ட ஆரம்பித்துவிட்டால் ஒரு வரிகூட வராது. ஓடுகிறதா, நின்றுவிட்டதா? டிஸ்க் விளக்கு மினுக்குகிறதா என்று குனிந்து பார்த்தபடி விடிய விடிய உட்கார்ந்திருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வெள்ளியன்று டாட் மேட்ரிக்ஸில் அடித்த தினசரிக் கணக்குத் தாள்களை எடுத்துக்கொண்டு கிளைக் கணக்கர்கள் வருவார்கள். புதிய சர்வரின் திரையைப் பார்த்து வரிக்கு வரி பென்சிலால் டிக் போடுவார்கள். ஒரு முறை, வயதில் மூத்த கணக்கர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, இங்க வா. இந்தம்மாவுக்குப் போன வாரம்தான் நான் ரசீது போட்டேன். பேர் இருக்க வேண்டிய இடத்துல வெறும் கேள்விக்குறியா நிக்குதே?”

வரிசை எண்ணிக்கை சரியாக இருந்தது. அசல், வட்டி, கூட்டுத்தொகை எல்லாம் பைசா பிசகவில்லை. தமிழ்ப் பேர்கள் மட்டும் போய்விட்டிருந்தன. அது தமிழை டாப், டாம் போன்ற எட்டு பிட் எழுத்துருக்களில் எழுதிய காலம். டேட்டாபேஸுக்கு அது தமிழ் என்றே தெரியாது; 127-க்கு மேற்பட்ட ஏதோ எண்கள், அவ்வளவுதான். டம்ப் எடுத்த கணினியில் என்எல்எஸ் லேங் என்ற அமைப்பைக் குறிப்பிடாமல் விட்டால் ஆரக்கிள் ஏழு பிட் ஆஸ்கியை எடுத்துக்கொள்ளும். அதில் அடங்காத எழுத்துகள் பெரும்பாலும் கேள்விக்குறியாகிவிடும். பழைய சர்வர் கைபடாமல் இருந்தது, ஞாயிறு இரவும் மிச்சம் இருந்தது. மறுபடி எடுத்து, மறுபடி ஏற்றினோம். அந்தக் கணக்கரின் கண்ணுக்கு இன்றைக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

பிறகு காலம் வேகமாக மாறியது. அமேசான் 2009-ல், கிளவுடில் டேட்டாபேஸை நடத்தித் தரும் ஆர்டிஎஸ் சேவையைத் தொடங்கியது. 2015-ல் மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூர் சென்னைக்கே வந்தது. அடுத்த ஆண்டு அமேசானின் கிளவுடு மும்பைக்கு வந்தது. சர்வர் அறை, ஏசி, யுபிஎஸ், டேப் அலமாரி எல்லாம் ஒவ்வொன்றாகக் காலியாயின. நான் இப்போது பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்களைக் கிளவுடுக்கு மாற்றுகிறேன்.

இன்றைய முறை உண்மையிலேயே அழகானது. பழைய வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். கவுன்ட்டரில் ரசீது போட்டுக்கொண்டிருக்கும்போதே, டேபிள்களைப் பூட்டிவைக்காமல், ஒரு குறிப்பிட்ட கணத்தின் நகலை எடுக்கலாம். அந்தக் கணம், மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்கும் பைனரி லாகில் எந்த இடம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். நகலைப் புதிய இடத்தில் ஏற்றிவிட்டு, குறித்த இடத்திலிருந்து ரெப்ளிகேஷனைத் தொடங்கினால், அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு மாற்றமும் வரிசையாகப் போய்ச் சேரும். நகல் ஏறி முடிவதற்குள் பழைய லாகுகள் தானாக அழிந்துவிடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், அழிந்தால் முதலிலிருந்துதான். பின்தங்கல் பூஜ்யத்துக்கு வந்ததும் கட்ஓவர். பழையதில் எழுதுவதை நிறுத்தி, கடைசி மாற்றமும் போய்ச் சேர்ந்ததைப் பார்த்து, அப்ளிகேஷனைப் புதிய முகவரிக்குத் திருப்ப வேண்டும். அந்த முகவரியைக் கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை (டிஎன்எஸ் டிடிஎல்) சில நாள் முன்பே 60 விநாடிக்குக் குறைத்து வைத்திருந்தால் இதெல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இப்படிச் சில நிமிடங்களில் முடிய வேண்டுமென்றால், அதற்கு முன் மாதக்கணக்கில் உழைத்திருக்க வேண்டும். அப்ளிகேஷன் சர்வர் சென்னை அலுவலகத்திலும் டேட்டாபேஸ் மும்பையிலும் இருந்தால், ஒரு கேள்வி போய்வர 20 மில்லிசெகண்ட் என்றே வைத்துக்கொள்வோம். 5,000 கேள்வி கேட்கும் ஒரு ரிப்போர்ட் 100 விநாடி காத்திருப்பிலேயே போகும். புதிய சர்வர் யுடிசி நேரத்தில் ஓடும். பழையது இந்திய நேரத்தில் ஓடியிருக்கும். அந்த ஐந்தரை மணி நேரத்தைக் கவனிக்காவிட்டால் விடியற்காலை வரவு முந்தைய நாள் கணக்கில் போய் உட்காரும்.

தமிழ்ப் பேர்கள் இன்றும் போகின்றன, வேறு விதமாக. மைஎஸ்க்யூஎல்லில் 2018-ல் 8.0 வரும் வரை இயல்பான எழுத்துத் தொகுதி லத்தீன்1. பழைய அப்ளிகேஷன்கள் அந்த டேபிள்களுக்குள்ளேயே யூனிகோடு தமிழை அப்படியே தள்ளிவந்தன. போட்ட வழியிலேயே எடுத்ததால் திரையில் தமிழ் சரியாகத் தெரிந்தது. பத்து வருஷம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாற்றும்போது டம்ப் கருவி, ‘லத்தீனை யூனிகோடாக்குகிறேன்’ என்று ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக மாற்றிவிடும். யூடிஎஃப்-8ல் ‘க’ என்ற ஒரே எழுத்து மூன்று பைட். அது இப்போது தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ஒரு ‘ஆர்’, பக்கத்தில் ஒரு பெரிய புள்ளி என மூன்று எழுத்தாகத் தெரியும். வரிசை எண்ணிக்கையும் தொகையும் அப்போதும் சரியாகவே இருக்கும். முதலிலேயே கண்டுபிடித்தால் மருந்து எளிது: பேர் இருக்கும் நெடுவரிசையை முதலில் பைனரியாக்கி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 ஆக்கினால் போதும். கட்ஓவருக்குப் பிறகு, புதிய ரசீதுகளும் கலந்துவிட்டால், எந்த வரிசை கெட்டது, எது நல்லது என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாறியது. தகவல் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் புதிய அமைப்பு உடனே தடுமாறியது. மக்களால் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. நிலைமை சீராக அந்த டிசம்பர் வரை ஆனது. 2022-ல் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. தகவல் போய்ச் சேர்ந்ததையே வெற்றி என்று சொல்லிக்கொள்கிற ஒவ்வொரு கூட்டத்திலும் நான் இதைச் சொல்கிறேன்.

திரும்பி வரும் வழியைப் பற்றியும் பிடிவாதமாக இருக்கிறேன். கட்ஓவர் முடிந்ததும் புதியதிலிருந்து பழையதற்கு எதிர்த்திசையில் ரெப்ளிகேஷன் ஓட வேண்டும். மூன்றாம் நாள் கோளாறு தெரிந்தாலும் அந்த மூன்று நாள் ரசீதுகளோடு திரும்ப முடிய வேண்டும். ‘கையோடு வெர்ஷனையும் ஏற்றிவிடலாமே’ என்பார்கள். புதிய வெர்ஷனிலிருந்து பழைய வெர்ஷனுக்கு ரெப்ளிகேஷன் செய்வதற்கு மைஎஸ்க்யூஎல் பொதுவாக உத்தரவாதம் தருவதில்லை. இடமும் வெர்ஷனும் ஒரே இரவில் மாறினால் திரும்பும் வழி அடைபடுகிறது.

இந்த வேலையைச் செய்யச் சொல்லும் மேலாளர்களிடம் இரண்டு வேண்டுகோள். எத்தனை நிமிஷம் நிற்கும் என்று கேட்பதற்கு முன், எத்தனை முறை ஒத்திகை பார்த்தீர்கள் என்று கேளுங்கள். கட்ஓவருக்கு முந்தைய வாரம், கவுன்ட்டரில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கும் ஒருவரை ஒரு நாள் அழைத்து வந்து, புதிய திரையில் தனக்குத் தெரிந்த வாடிக்கையாளர்களின் பேர்களைப் படிக்கச் சொல்லுங்கள். அவருடைய ஒரு நாள் சம்பளத்தைச் செலவுப் பட்டியலில் முதல் வரியாகவே சேர்த்துவிடுங்கள்.