360 டிகிரி மாமா

கல்கத்தாவில் எங்கள் லேக் மார்க்கெட் தமிழ் வீடுகளில் சமையல் நேரத்தைக் காதால்தான் அளப்போம். பருப்புக்கு நாலு விசில், உருளைக்கிழங்குக்கு மூணு. பக்கத்து ஃப்ளாட் குக்கரின் விசிலையும் சேர்த்து எண்ணிவிட்டு, அரைவேக்காட்டுப் பருப்பில் சாம்பார் வைத்த வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட வம்சத்துக்கு ஓ.டி.ஜி. ஓவன் ஒரு சோதனை. உள்ளே என்ன நடந்தாலும் வாயைத் திறக்காது. எல்லாம் முடிந்த பிறகு 'டிங்' என்று ஒரு சொல்.

டிசம்பர் பிறந்தால் இந்த ஊரில் சாதி, மதம் பாராமல் எல்லாருக்கும் கேக் பித்து பிடிக்கும். 1902-இல் தொடங்கிய நாஹூம் கடை வாசலில், நியூ மார்க்கெட்டுக்குள், வரிசை வளைந்து வளைந்து போகும். அதில் நிற்கக் கால் வலிக்கும் என்று என் மனைவி வீட்டிலேயே கேக் செய்யக் கிளம்பினாள். செய்முறையில் இருந்தது 180 டிகிரி, 45 நிமிடம்.

மேல் மாடி மாமா ஓய்வுபெற்ற ஆடிட்டர். "எதுக்கும்மா அவ்வளவு நேரம்? 360 வெச்சா இருபத்திரண்டரை நிமிஷத்துல ஆயிடுமே?" என்றார். குமிழில் 250-க்கு மேல் எண் இல்லாததால் கேக் உயிர் தப்பியது. மாமா விடவில்லை, கரியாஹாட்டில் புடவைக்குப் பேரம் பேசுவதுபோல 225-க்கு இறங்கி வந்தார்.

"மாமா, இது வட்டிக் கணக்கு இல்லை" என்றாள் மனைவி. நியாயம்தான். சூடு மாவுக்குள் வெளியிலிருந்து மெல்ல ஊர்ந்துதான் போகும். வெளியே நெருப்பைக் கூட்டினால் மேல்தோல் கருகும். நடுவில் மாவு மாவாகவே இருக்கும். அவசரமென்றால் பத்துப் பதினைந்து டிகிரி கூட்டலாம், அதற்கும் சீக்கிரமே எட்டிப் பார்க்கத் தொடங்க வேண்டும். பழங்கள் அடைத்த கனமான கேக்குக்கு நேர்மாறு: 150 டிகிரி போதும், நேரத்தைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

எதிர் வீட்டு வங்காளி மாஷிமாவின் ஓவனில் விசிறி உண்டு. விசிறி ஓடினால் சொன்ன சூட்டில் 20 டிகிரி குறைக்க வேண்டும். அவர் படிப்பதோ அமெரிக்கச் செய்முறை. அதில் 350 என்றிருப்பது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் சுமார் 177. இந்த இரண்டையும் மாமாவிடம் சொல்லாமல் மறைத்துவிட்டோம்.

குமிழில் 180 என்று வைத்தால் உள்ளே 180 என்று நம்புவதும் வெகுளித்தனம். தெர்மோஸ்டாட் அணைந்து அணைந்து எரிவதால் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மின்னழுத்தம் 230-லிருந்து 200 வோல்ட்டுக்கு விழுந்தால் கம்பியின் சக்தியில் கால்வாசி போச்சு. ஓவன் சூடாகவே கூடுதல் நேரம் பிடிக்கும். சில நூறு ரூபாய்க்கு ஓவன் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கில் ஓவன் வாங்குகிறவர்கள் அதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

தால்தலா பக்கத்துப் பழைய பேக்கரிகளில் இந்த வம்பே கிடையாது. மைதா, முட்டை, ரம்மில் ஊறிய திராட்சை எல்லாம் நாம் கொண்டுபோனால், கண்ணெதிரே கலந்து விறகடுப்பில் வேகவைத்துத் தருவார்கள். "எத்தனை டிகிரி?" என்று மாஷிமா கேட்டதற்கு, உஸ்தாத் அடுப்பு வாயில் கையை நீட்டி இழுத்துக்கொண்டு "கரம் ஹை", சூடாக இருக்கிறது, என்றார். அவ்வளவுதான் தகவல். கேக் அபாரம்.

ஆனால் அந்தக் கை நம்மிடம் இல்லை. கேக்கையாவது குச்சி குத்திப் பார்த்துவிடலாம். கோழியிடம் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. மேலே எவ்வளவு பொன்னிறமாக மினுக்கினாலும், கறியின் தடித்த இடத்தில் வெப்பமானிக் கம்பி 74 டிகிரி காட்டும்வரை வெளியே எடுக்காதீர்கள். தட்டை எடுக்க ஈரத்துணியையும் தொடாதீர்கள். ஈரம் நொடியில் ஆவியாகிக் கையைப் பொசுக்கும். மாடியில் மாமா இருந்தால், ஓவன் இருக்கும் அறைக் கதவைச் சாத்திவைப்பது உத்தமம்.