வைஃபை அலையன்ஸுக்கு ஒரு கூட்டல் மனு

அனுப்புநர்: ரௌட்டர் வாங்க ரிச்சி தெருவுக்குப் போன மனுதாரர், சென்னை.
பெறுநர்: வைஃபை அலையன்ஸ், ஆஸ்டின், டெக்சாஸ், அமெரிக்கா.
பொருள்: ரௌட்டர் பெட்டிகளில் அச்சாகும் எண்கள் – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

1999 முதல் கம்பியில்லா இணையக் கருவிகளுக்காகப் பாடுபட்டு வரும் தங்கள் சங்கம், 2018 அக்டோபரில் ஒரு பேருபகாரம் செய்தது. 802.11என், 802.11ஏசி, 802.11ஏஎக்ஸ் என்று கிடந்த பெயர்களை வைஃபை 4, வைஃபை 5, வைஃபை 6 என்று மாற்றியது. பெரிய எண் புதியது, சிறிய எண் பழையது. இவ்வளவு எளிதாகிவிட்டதே என்ற தெம்பில்தான் மனுதாரர் அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தார்.

கடையில் அடுக்கியிருந்த பெட்டிகளில் தங்கள் 6 ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. கொட்டை எழுத்தில் இருந்தவை வேறு: ஏஎக்ஸ்1500, ஏஎக்ஸ்3000, ஏஎக்ஸ்5400. “நம்பர் ஏற ஏற ஸ்பீடு ஏறும் சார்” என்றார் கடைக்காரர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. பெட்டி சொன்னதைத்தான் அவரும் சொன்னார்.

ஏஎக்ஸ்3000 எப்படிப் பிறந்தது என்று மனுதாரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அதிகபட்சம் நொடிக்கு 574 மெகாபிட் (எம்பிபிஎஸ்). 5 கிகாஹெர்ட்ஸில் 2402. இரண்டையும் கூட்டினால் 2976. குறையும் 24 கம்பெனியின் அன்பளிப்பு போலும். ஆனால் வைஃபை 6 செல்போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஓர் அலைவரிசையில்தான் பேசும். அந்த 2402-ம் 160 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல் கிடைத்தால்தான். பல போன்கள் 80-உடன் நின்றுவிடுவதால் 1201 ஆகிவிடும். அதுவும் இணைப்பு வேகம். உண்மையில் படம் இறங்கும் வேகம் அதில் பாதியைச் சற்றுத் தாண்டினால் யோகம்தான். இத்தனைக்கும் மனுதாரர் வீட்டுக்கு வந்து சேரும் இணையத் திட்டம் 100 எம்பிபிஎஸ்!

இந்தக் கூட்டலைத் தெற்கு ரயில்வேக்கும் கற்றுக்கொடுக்கலாம். தாம்பரத்துக்குப் பேருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, மின்சார ரயில் 60-இல் போகிறது என்று வைத்துக்கொண்டால், பயணி 100 கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சேருகிறார்.

அந்த எண்ணை அச்சடிப்பது நாங்களல்ல, தயாரிப்பாளர்கள் என்று தாங்கள் பதில் எழுதக்கூடும். வாஸ்தவம். ஆனால் அந்தத் தயாரிப்பாளர்களில் பலர் தங்கள் சங்கத்து உறுப்பினர்கள். அவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கத் தங்களைவிடத் தகுந்தவர் யார்?

கூட்டலாவது பரவாயில்லை. ஏசி1200 என்று அச்சிட்ட மாடல்கள் சிலவற்றைத் திருப்பிப் பார்த்தால், இணையக் கம்பி செருகும் துளையின் வேகம் 100 எம்பிபிஎஸ். முன்பக்கம் ஆயிரத்து இருநூறு, பின்பக்கம் நூறு. 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறவர், அதில் பாதியை அந்தத் துளையிலேயே தொலைத்துவிட்டு ஒவ்வொரு மாதமும் இணையக் கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். ரௌட்டர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய, வேகமான துளையைக் குறிக்கும் ‘கிகாபிட் போர்ட்’ என்ற இரண்டு சொற்கள், பெட்டியின் அடிப்பக்க அட்டவணையில் பூதக்கண்ணாடிக்குக் காத்திருக்கின்றன.

ஆன்டெனாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எட்டுக் கொம்பு முளைத்த ரௌட்டரைக் காட்டி, “நாலு ரூம் தாண்டும்” என்றார் கடைக்காரர். எத்தனை கொம்பு வைத்தாலும் அலைபரப்பின் வலிமைக்கு அரசு வைத்த உச்சவரம்பு ஒன்றுதான். அப்படியே ரௌட்டர் உரக்கக் கத்தினாலும், பின்கட்டு அறையிலிருந்து செல்போனும் பதில் சொல்ல வேண்டுமே! அதன் குரல் சன்னமானது. நடுவில் இருப்பதோ ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள் இரண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவர் என்றாலே ஆகாது.

சரி, புதியதையே வாங்கிவிடலாம் என்றால் அங்கே தங்கள் வைஃபை 7 நிற்கிறது. 2024 ஜனவரியில் சான்று கொடுக்கத் தொடங்கினீர்கள். அதன் பெரிய பெருமை 320 மெகாஹெர்ட்ஸ் சேனல். அந்தச் சேனல் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே உண்டு. அமெரிக்கா அந்த அலைவரிசையில் 1200 மெகாஹெர்ட்ஸை 2020 ஏப்ரலில் திறந்துவிட்டது. இந்தியா 2025 மே மாதம் வெளியிட்ட வரைவு விதிகளில் இருந்தது 500 மெகாஹெர்ட்ஸ். அதற்குள் அப்படிப்பட்ட சேனல் ஒன்றுதான் அடங்கும். அது கிடக்கட்டும். 6 கிகாஹெர்ட்ஸே இல்லாத ரௌட்டர்களும் பிஇ3600 என்ற பெயரில் வைஃபை 7 ஆகத்தான் விற்பனையாகின்றன. 688-ம் 2882-ம் கூட்டினால் 3570. கூட்டல் மட்டும் தலைமுறை தாண்டித் தழைக்கிறது.

ஆகவே, பெட்டியின் முகப்பில் ஒரே போனுக்கு ஒரே அலைவரிசையில் கிடைக்கும் வேகத்தையும், கம்பித் துளையின் வேகத்தையும் அதே கொட்டை எழுத்தில் போட ஆவன செய்யுமாறு கோரப்படுகிறது. பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதி வரை வரும் என்பதையும் போடலாம். தீப்பெட்டி அளவு பிஸ்கட் பாக்கெட்டிலேயே காலாவதித் தேதி இருக்கிறது. வீட்டின் வங்கிக் கணக்குப் போக்குவரத்தெல்லாம் கடந்துபோகும் ரௌட்டரில் இல்லை. முடியாத காரியம் ஒன்றுமில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், குறைந்தபட்சம் எதுவரை அப்டேட் தரப்படும் என்று தயாரிப்பாளர் அறிவித்தாக வேண்டும். எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்கவும் அங்கே தடை.

மனுதாரர் கடைசியில் கிகாபிட் போர்ட் உள்ள ஏஎக்ஸ்1500 இரண்டு வாங்கினார். ஒன்று கூடத்துக்கு, இன்னொன்று பின்கட்டுக்கு. இரண்டையும் இணைக்க 15 மீட்டர் கேட்6 கேபிள். கடைக்காரருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் கேபிளை அவர் கண்ணெதிரே அளந்து வெட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து டேப் வைத்துப் பார்த்தபோதும் 15 மீட்டரே இருந்தது.

இப்படிக்கு,
மனுதாரர்

இணைப்பு: கூட்டல் கணக்கு – 1 தாள்.