ரம்மி கத்துக்க வந்த ராசா

வா நைனா, குந்து. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல அம்மாம்பெரிய மிஷினையே ஓட்டுற ஆளு, பதிமூணு சீட்டை ஓட்ட முடியாதான்னு கேட்டுக்கினு வந்திருக்கே. முடியும். மிஷினு உன்னப் பாத்து சிரிக்காது, கவரைப்பேட்டையில நாங்க சிரிப்போம். அவ்ளோதான் வித்தியாசம்.

மொதல்ல சீட்டை நெஞ்சோட அணைச்சுப் புடி. நீ விரிச்சுக் காட்டுற தாராளத்துல பக்கத்துல இருக்கிறவன் தன் கையைப் பாக்கறதையே வுட்டுட்டான். உன் கையில இன்னா இருக்குதுன்னு உன்னைவிட அவனுக்குத்தான் நல்லாத் தெரியுது.

ரெண்டு கட்டு, கூட அச்சடிச்ச ஜோக்கரு. ஆளுக்கு 13. நடுவுல ஒண்ணை உருவி மல்லாத்தி வச்சா, அந்த நம்பரு எந்தச் சீட்டா இருந்தாலும் ஜோக்கர். வரிசை சேக்கணும்னா ஒரே ஜாதி. ஆட்டினு 6, 7, 8னு போவணும். செட்டு சேக்கணும்னா வேற வேற ஜாதி. மூணு ஒம்போது வச்சிருந்தாலும் அதுல ரெண்டு இஸ்பேட்டு இருந்தா செல்லாது. ஜாதி பாக்கவும் தெரியணும், பாக்காம இருக்கவும் தெரியணும். ஊருல நம்ம ஆளுங்க பாதிதான் கத்துக்கினானுங்க.

கொறஞ்சது ரெண்டு வரிசை வேணும். அதுல ஒண்ணு ஜோக்கர் தயவே இல்லாத ஒரிஜினலா இருக்கணும். அது சேராம கையில நாலு ஜோக்கரை வச்சிக்கினு மீசையை முறுக்குறவன், பொண்ணே பாக்காம மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தவன். அடுத்தவன் மொதல்ல முடிச்சு, ஒரிஜினல் இல்லாம நீ மாட்டினா, சேந்தது சேராதது எல்லாத்தையும் கூட்டி எழுதிடுவோம். ஏஸு, ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொண்ணும் 10. மொத்தம் எவ்ளோ வந்தாலும் 80க்கு மேல எழுத மாட்டோம். அந்த மட்டும் எங்களுக்கும் எரக்கம் உண்டு.

இப்போ உன் கையில இருக்கிற அந்த ராஜாவையும் ராணியையும் ஏன் கட்டிப் புடிச்சிக்கினு கீறே? படம் அழகா இருக்குதா? ஜாக்கியோ ஏஸோ வந்தா வரிசை ஆயிடும், நெசந்தான். ரெண்டு கட்டுல அது நாலு சீட்டு. ஆட்டினு 7, 8 வச்சிருந்தா 6 வந்தாலும் 9 வந்தாலும் ஆச்சு. அதுவும் நாலு சீட்டுதான். ஆனா மாட்டினா இது 15, அது 20. 7ம் 9மா வச்சிக்கினு 8க்குக் காத்திருந்தா ரெண்டே சீட்டு. அதுல ஒண்ணு எதிராளி மடியில தூங்கும், இன்னொண்ணு கட்டுக்கு அடியில கெடக்கும். ஏஸு, 2 வச்சிக்கினு 3க்கு ஏங்குறவன் கதையும் அதேதான். நடுச்சீட்டை வளத்துக்கோ. ராஜ குடும்பத்தை சீக்கிரம் வெளிய அனுப்பிடு.

கீழ விழுற சீட்டைப் பாரு. நீ எப்பப் பாத்தாலும் உன் கையையே பாத்துக்கினு இருக்கே, அது எங்கயும் ஓடிப் போவாது. எதிர்ல இருக்கிறவன் கிளாவர் 8ஐ எடுத்தான்னா, அடுத்த நிமிசம் கிளாவர் 9ஐப் போடுறியே, அவன் உனக்கு மாமனா மச்சானா? எனக்கு ஆட்டினு 8 வேணும்னா நான் மொதல்ல டைமன் 8ஐ வீசுவேன். எட்டு இவனுக்கு ஆவாது போலன்னு நெனச்சு, ஒரு பச்சப்புள்ள ஆட்டினு 8ஐப் போடும். நேத்து போட்ட பச்சப்புள்ள யாருன்னு நான் சொல்ல மாட்டேன், நீயும் கோச்சிக்காத.

நல்ல ஆட்டக்காரன் எவ்ளோ கெலிச்சான்னு பாக்காத, எப்போ ஸ்கூட் வுட்டான்னு பாரு. மொத சீட்டு எடுக்கறதுக்கு முன்னாடியே கையைக் கவுத்து வச்சா 20தான் போவும். எடுத்துப் பாத்துட்டு நடுவுல கவுத்தா 40. ஜோக்கர் இல்ல, ஒட்டுற சீட்டும் இல்லன்னா கவுத்துட்டு டீயைக் குடி. கூடூரு தடத்து வண்டியில தொடை மேல துண்டை விரிச்சு ஆடுற சீசன் டிக்கெட்டுக்காரனுங்களைப் பாத்திருக்கியா? பொன்னேரி தாண்டறதுக்குள்ள மூணு கை ஸ்கூட் வுட்டுட்டு கம்முனு ஜன்னலைப் பாத்துக்கினு வருவான் பாரு, அவன்கிட்டதான் மூர் மார்க்கெட்டு வர்றப்போ எல்லாரும் தோத்திருப்பானுங்க.

இந்தக் கட்டு பழசா இருக்குதேன்னு பாக்காத, ராசியான கட்டு. ஆட்டினு ராணிக்கு ஒரு மூலை மடிஞ்சிருக்குது. யாரு மடிச்சதுன்னு கேக்காத.

போன்லயே கத்துக்கலாம்னு உன் ரூமு கூட்டாளி சொன்னானாமே? அந்தக் கதையும் கேளு. செகந்திராபாத் கிளப் ஒண்ணு மேல வந்த கேஸுல, 1968லயே சுப்ரீம் கோர்ட்டு ரம்மியில தெறமைதான் மேலோங்கி இருக்குது, விழுற சீட்டை ஞாபகம் வச்சிக்கணும்னு சொல்லிடுச்சு. மூணு சீட்டு மாதிரி முழு அதிர்ஷ்டம் இல்லன்னும் சொல்லுச்சு. இதைத்தான் ஆன்லைன் ரம்மி கம்பெனிக்காரனுங்க நெத்தியில ஒட்டிக்கினு அலைஞ்சானுங்க. எடம் குடுக்கிறவன் அதுல லாபம் பாத்தா குத்தமாவும்னு அதே தீர்ப்புல இருக்கிறதைப் பத்தி எவனும் வாயே தொறக்கல. நம்ம சர்க்காரு 2022ல இந்த ஆன்லைன் ஆட்டத்துக்குத் தடை போட்டுச்சு, 2023ல சட்டமாக்குச்சு. ஐகோர்ட்டு அதுலேர்ந்து ரம்மியையும் போக்கரையும் உருவிக் குடுத்துச்சு. 2025ல ராத்திரி 12லேர்ந்து காலைல 5 வரைக்கும் ஆடக்கூடாதுன்னு விதி வந்துச்சு. நைட் ஷிப்டுக்காரன் உனக்குத் தூங்கச் சொல்லி கவர்மெண்டே தாலாட்டுப் பாடுன மாதிரி. அதே வருசம் ஆகஸ்டுல, தெறமையோ அதிர்ஷ்டமோ, காசு வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாதுன்னு டெல்லியே சட்டம் போட்டுடுச்சு.

கோர்ட்டு தெறமைன்னு சொன்னது ஆட்டத்தைத்தான் நைனா, உன்னையில்ல. போன்ல உனக்கு எதிர்ல யாரு குந்திக்கினு இருக்கான்னே தெரியாது. இங்க நான் தோக்குறப்போ மூக்கைச் சொறியறதையாவது பாக்கலாம். சில நாளு கெலிக்கிறப்பவும் சொறிவேன், அத்த நீதான் கண்டுபுடிக்கணும்.

காசெல்லாம் வாணாம். புளியங்கொட்டை வச்சு ஆடலாம், கடைசியில தோத்தவன் டீ வாங்கணும். எனக்கு சக்கரை கம்மி. நாளைக்கு ஷிப்டு முடிஞ்சதும் வா. புதுக் கட்டு கிட்டு வாங்கிக்கினு வந்து செலவு பண்ணாத, இதுவே போதும்.